ரூலர் விழுகிற நேரம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே வண்டியில்தான் வேலை. அவர் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டுகிறார். நான் அதில் பஸ் ஆன்ட்டி. பிள்ளைகளை ஏற்றி, பெல்ட் மாட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, அழுகிறவர்களின் மூக்கைத் துடைத்து, பள்ளி வாசலில் தலையை எண்ணி இறக்கிவிடுவது என் பொறுப்பு. புருஷனும் பெண்டாட்டியும் இப்படி ஒரே பஸ்ஸில் வேலை பார்ப்பது இந்த ஊரில் அதிசயமில்லை. ஒரு வசதி உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பஸ்ஸில் ஏறினால் பேசித்தான் ஆக வேண்டும். "கதவு", "போலாம்", "ஒரு ஆள் இன்னும் வரல" என்ற மூன்று வாக்கியத்தோடு நாங்கள் ஒரு வாரம்கூட ஓட்டியிருக்கிறோம்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. எனக்கு ஐம்பத்தெட்டு. லைசென்ஸுக்கான சோதனையில் டாக்டர் கண்ணைப் பார்த்தார், ரத்தக்கொதிப்பைப் பார்த்தார், தாராளமாக ஓட்டலாம் என்றார். அதற்கப்புறம் இவருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கில் பாதிப்பேர் வயதானவர்கள். அவர்களுக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது நடந்து இரண்டு மாதத்துக்குள், ஒரு மத்தியானம், பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். ஒரு பையனின் தண்ணீர்ப் போத்தல் சீட்டுக்கு அடியில் உருண்டது. நான் உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டும். எழுந்தேன். அதே நேரம், சாப்பாட்டு டெலிவரி செய்கிற ஒருவர் நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து சைக்கிளோடு வெளியே வந்தார். பஸ் நின்றது. என் முழங்கால் சீட்டின் இரும்பில் மோதியது. பிள்ளைகள் எல்லாரும் பெல்ட்டில் பத்திரமாக இருந்தார்கள், இரண்டு பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் பஸ் நின்ற இடம் சரியில்லை. அந்தச் சைக்கிள்காரர் உட்கார்ந்தபடியே கையை நீட்டி பஸ்ஸின் முகப்பைத் தொட்டார்.

"திடீர்னு வந்துட்டான்," என்றார் இவர்.

"ஆமா," என்றேன்.

இத்தனை வருடமாக எல்லாரும் திடீரென்றுதான் வந்துகொண்டிருக்கிறார்கள். பந்து வரும், பூனை வரும், பந்துக்குப் பின்னாலேயே பிள்ளை வரும். இவர் நிறுத்தினால் நடுவில் ஒரு ஆள் குறுக்கே நடந்துபோக எப்போதும் இடம் மிச்சம் இருக்கும். அன்றைக்கு இல்லை. அது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. வழி முழுக்க இரண்டு பேரும் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் முப்பத்திரண்டு வயது, கிளமெண்டியில் நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவான். இளையவள் நான் நாற்பதைத் தாண்டியபின் பிறந்தவள், பாலிடெக்னிக்கில் முதல் வருடம். நான் காலை இழுத்து இழுத்து நடப்பதை முதலில் பார்த்தவன் மகன்தான். என்ன என்று கேட்டான். அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதில்லை, அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"ப்பா, போதும்ப்பா. பஸ்ஸ வித்துடுங்க."

"உங்கம்மா எதுக்கு எந்திரிச்சா? உக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அம்மா கால விடுங்க. பஸ் லேட்டா நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சுல்ல? நின்னா சரி."

அதற்கப்புறம் இவருக்கு என்மேல்தான் கோபம். திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் எனக்குக் "கதவு", "போலாம்" மட்டும்தான். எனக்கும் கோபம் இருந்தது, ஆனால் அதைவிடப் பயம் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த பஸ் எப்படி ஓடும்? பஸ் நின்றால் என் வேலையும் நிற்கும் என்பது இருக்கட்டும். இந்த மனுஷர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு பிராஜெக்ட் வந்தது. வயதுக்கு வயது மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் சுதாரிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கருவி எதுவும் பெரிதாக இல்லை, முப்பது சென்டிமீட்டர் ரூலர் ஒன்றுதான். அவள் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாகத் தொங்கவிடுவாள். நாம் கீழ்நுனியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவாள். விரல் எந்த எண்ணில் பிடிக்கிறதோ அதுதான் கணக்கு. எண் குறைவாக இருந்தால் ஆள் வேகம், கூடினால் மந்தம்.

முதலில் என்னைத்தான் பிடிக்கச் சொன்னாள். இருபதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். "பரவால்லம்மா, நடுவயசு குரூப்புக்கு இது ஓகே," என்றாள். நடுவயது என்று ஒருத்தி என்னைச் சொல்லி வெகுகாலம் ஆயிற்று. அந்தச் சந்தோஷத்திலேயே அவளோடு லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போனால் எல்லா வயதிலும் ஆள் கிடைக்கும் என்று யோசனை சொன்னதும் நான்தான். இவர் வரவில்லை. ஞாயிறு பஸ் கழுவுகிற நாள்.

இளைஞர்கள் விஷயத்தில் கஷ்டமே இல்லை. பூன் லே பக்கமிருந்து வந்த கப்பல் பட்டறைத் தம்பிகள் நான்கைந்து பேர் கறிகாய் வாங்கிக்கொண்டு நின்றார்கள். என்ன ஏது என்று கேட்பதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் இரண்டு தடவையும் கோட்டை விட்டார். கூட்டாளிகள் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள்.

"நேத்து நைட் ஷிஃப்ட்டு அக்கா. அதையும் எழுதிக்கச் சொல்லுங்க," என்றார் என்னிடம். மகள் உண்மையாகவே எழுதிக்கொண்டாள்.

வயதானவர்களிடம்தான் பிராஜெக்ட் தடுமாறியது. பூமாலைக் கடையில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். மகள் ரூலரை அவர் முன்னால் நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வலது கையால் மரியாதையாக வாங்கிக்கொண்டார்.

"எனக்கா பாப்பா?"

"இல்ல ஆன்ட்டி, வாங்கக் கூடாது. நான் விடுவேன், விழும்போது புடிக்கணும்."

திரும்ப நீட்டினாள். திரும்பவும் அவர் விடுவதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டார். அவர் மட்டுமில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் அதையேதான் செய்தார்கள். சின்னப் பிள்ளை எதை நீட்டினாலும் கையில் வாங்கிக்கொள்வதுதானே நம் ஆட்களின் வழக்கம். நீட்டியதை அந்தரத்தில் விட்டுவிட்டு விழுகிறதா என்று பார்க்க யாருக்கு மனசு வரும்? வெள்ளைக்காரன் வகுத்த சோதனை என்று நான் முணுமுணுத்தேன். மகள் என்னை முறைத்தாள்.

"விழறதுக்கு முன்னாடி புடிச்சா நல்லதுதானே பாப்பா. விழட்டும்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க?" என்றார் பூக்கடை அம்மா.

எப்படியோ மூன்றாவது தடவை புரிந்துகொண்டு காத்திருந்தார். மகள் விட்டாள். அவர் பிடித்த இடத்தைப் பார்த்து மகள் புருவத்தைத் தூக்கினாள். பதினாறு. பக்கத்தில், கைப்பேசியைப் பார்த்தபடியே வந்து பிடித்துவிட்டுப் போன ஆபீஸ் பையனைவிட அந்த அம்மா வேகம். எனக்கு அங்கேயே ஒரு முழம் மல்லிகை வாங்க வேண்டும்போல் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அப்போ வயசுக்கும் இதுக்கும் ஒண்ணும் சம்பந்தமில்லதானே?"

"இருக்கும்மா. ஒரு ஆள வச்சு சொல்ல முடியாது. எல்லாரையும் சேர்த்து ஆவரேஜ் பாக்கணும். வயசான குரூப் ஆவரேஜ் கண்டிப்பா கூடத்தான் இருக்கும்."

"நம்ம பஸ்ஸ ஆவரேஜா ஓட்டுது? ஒரே ஆள்தானே ஓட்டுறாரு."

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு ஆளைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பூக்கடை அம்மாவைப்போல் இவரும் இருந்துவிட்டால் நான் நிம்மதியாகப் பழையபடி பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

அடுத்த ஞாயிறு மகன் வந்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் மீன்குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அண்ணனும் தங்கையும் ரூலரை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் வாரம் இரண்டு நாள் பேட்மின்டன் ஆடுகிறவன். பதினைந்து, பதினான்கு என்று அவள் சொல்வதும் அவன் பீற்றிக்கொள்வதும் எனக்குக் கேட்டது.

சாப்பாடு முடிந்தது. மகள் வழக்கம்போல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அறுபதுக்கு மேல எனக்கு இன்னும் ஆள் வேணும்," என்றாள். யாரும் இவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் தட்டைப் பார்த்தோம்.

"நான் இருக்கேன்ல," என்றார் இவர். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார். "நீயும் உக்காரு. ஆளுக்கு மூணு தடவ. நீ என்னவிட வேகமா புடிச்சேன்னா பஸ் சாவிய குடுத்துடுறேன். நான் வேகமா புடிச்சா, இனிமே இந்த வீட்ல யாரும் அதப் பத்திப் பேசக் கூடாது."

"ப்பா, இது விளையாட்டு லா. இத வச்செல்லாம் ஒண்ணும்..."

"உன் தங்கச்சி படிக்கிறத விளையாட்டுங்கிறியா? உக்காரு."

இவர் துண்டை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். நாற்காலியைச் சரிசெய்து முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றினார். மகள் ரூலரைத் தொங்கவிட்டாள். அவர் அதை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை, இமைகூடத் தட்டவில்லை. எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் அந்த நேரம் மனதில் வந்துபோனது.

முதல் தடவை ரூலர் தரையில் விழுந்து சத்தம் போட்டது. விரல்கள் அதற்கப்புறம் மூடிக்கொண்டன. மகன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது தடவை இருபத்தேழு. மூன்றாவது தடவை இருபத்தாறு. மகள் எண்ணைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பிராஜெக்ட் என்ற உற்சாகமெல்லாம் போய், இதை ஏன் ஆரம்பித்தோம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

மகன் உட்கார்ந்தான். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் விட்டாள். ரூலர் அவன் விரல்களுக்கு நடுவே நேராகத் தரைக்குப் போனது. இரண்டாவது தடவை இருபத்தெட்டு. மூன்றாவது தடவையும் விழுந்தது.

"அய்யோ, ரொம்ப சாப்பிட்டுட்டேன் போல. கண்ணச் சொக்குது," என்று அசடு வழிந்தான். "நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா."

பஸ்ஸை விற்கச் சொல்லி ஒரு மாதமாக எங்கள் உயிரை வாங்கியவன் இவன்தான். அப்பா துண்டால் விரலைத் துடைத்ததைப் பார்த்ததும் அவனுக்குக் கை வரவில்லை. எனக்குப் புரிந்தது. ஒரு நிமிடம், யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இப்படியே விட்டுவிடலாம், இன்னும் ஒரு வருடம் ஓடட்டும் என்று நினைத்தேன்.

மகளுக்கு அந்த நெளிவுசுளிவெல்லாம் தெரியாது.

"அண்ணா, சும்மா நடிக்காத. அப்பா குளிக்கும்போது பதினாலுல புடிச்சல்ல? இத நான் டேட்டால சேர்க்க முடியாது. நீ வேணும்னே விடுற."

மகன் தங்கையைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்த்தான். இவர் கோபப்படுவார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ரூலரைத் தானே தரையிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தார்.

"இன்னொரு தடவ விடும்மா. டேய், இங்க பாரு. இது ரூலர் இல்ல. பஸ்ஸுக்கு முன்னாடி ஓடி வர்ற புள்ள. அப்படி நெனச்சுப் புடி."

"ப்பா, வேணாம்ப்பா."

"புடிடா."

மகன் விரலை விரித்து வைத்தான். இந்தத் தடவை அவன் அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவள் விட்டாள். விட்டாளா என்று எனக்குத் தெரிவதற்குள் அவன் பிடித்துவிட்டான். பதின்மூன்று. அன்றைக்கு இந்த வீட்டிலும், அதற்கு முந்தின வாரம் லிட்டில் இந்தியாவிலும், அவ்வளவு கீழே யாரும் பிடிக்கவில்லை. பிடித்த ரூலரை விடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அவ்ளோதான்," என்றார் இவர்.

"அப்பா, அப்போ நீங்களும் புள்ளன்னு நெனச்சு இன்னொரு தடவ புடிங்க. அப்பதான் ஃபேரா இருக்கும்," என்றாள் மகள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

"போதும்மா," என்று சிரித்தார். "மோர் இருந்தா குடு."

மோரைக் குடித்துவிட்டு எழுந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வந்து மகனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஜூன் பள்ளி விடுமுறை வரைக்கும் ஓட்டட்டுமே என்று நான்தான் இழுத்தேன். அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே தனக்குத் தெரிந்த ஒரு ரிலீஃப் டிரைவரைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பேசினார். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும், எங்களுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் வந்து ஓட்டிக்கொடுப்பவர். பஸ்ஸை அவரே எடுத்துக்கொள்ளலாம், ஆன்ட்டி மட்டும் இதே ஆன்ட்டிதான் என்று இவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் அழுதேன். சமையலறையில்தான்.

திங்கட்கிழமை காலையில் இவரும் கூட வந்தார். எந்தப் புளோக்கில் யார் ஏறுவார்கள், எந்தப் பிள்ளை லிஃப்ட்டில் எப்போதும் தாமதம், எந்த வாசலில் திருப்புவது சுலபம் என்று புது டிரைவருக்குக் காட்ட ஒரு நாள் வர வேண்டும் என்றார். ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அங்கே உட்காராமல் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் ஓடுகிற அந்த பஸ்ஸில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பெல்ட் மாட்டத் தெரியவில்லை. அந்தச் சீட்டின் பூட்டு கொஞ்சம் தகராறு, நான்தான் மாட்டிவிட்டேன். எதிர்ச் சீட்டில் இருந்த பெண் குழந்தை, "அங்கிள் ஏன் ஓட்டல?" என்று கேட்டது. "அங்கிளுக்கு லீவு," என்றேன்.

புது டிரைவர் நன்றாகவே ஓட்டினார். சிவப்பு விளக்கில் பஸ் மெதுவாக நின்றது. இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"புள்ளன்னு நெனச்சு நானும் இன்னொரு தடவ புடிக்கணும்னு சொன்னாள்ல பாப்பா."

"சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா. விடுங்க."

"அதுக்கில்ல," என்றார். "மூணு தடவயும் நான் அப்படி நெனச்சுத்தாம்மா புடிச்சேன்."